பின்னால் இருப்பவளுக்கும் தலை உண்டு

காலை ஒன்பது மணிக்கு நம் ஊர்ப் பெரிய தெருக்கள் எதிலாவது ஒரு கால்மணி நேரம் நின்று பாருங்கள். மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் வரிசையாக வரும். அவற்றில் பத்துக்கு நாலில் கணவனும் மனைவியும் இருப்பார்கள். ஓட்டுகிற கணவரின் தலையில் பளபளவென்று ஒரு ஹெல்மெட் இருக்கும். அவருக்குப் பின்னால், இரண்டு கால்களையும் ஒரே பக்கமாகத் தொங்கவிட்டுக்கொண்டு, மடியில் குழந்தையும் தோளில் கைப்பையுமாக அவர் மனைவி உட்கார்ந்திருப்பாள். அவள் தலையில் பூ இருக்கும், ஹெல்மெட் இருக்காது. குழந்தையின் தலையில் அதுவும் இருக்காது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அதிசயம் ஒன்றுமில்லை என்பதுதான் என் புகார். ஒரு குடும்பத்தில் மூன்று தலைகள் இருக்க, ஒரு தலைக்கு மட்டும் கவசம் வாங்கி, அதையும் வீட்டுத் தலைவரே மாட்டிக்கொண்டு போகிற காரியம் நமக்கு விகாரமாகத் தோன்றவில்லை. மழைக் காலத்தில் ஒரே ஒரு குடையைத் தாம் பிடித்துக்கொண்டு மனைவியையும் மகளையும் நனைய விட்டுப் போகிறவரை நாம் என்ன சொல்லுவோம்? தெருவே கூடிச் சிரிக்காதா? குடை விஷயத்தில் நமக்கு இருக்கிற நியாய புத்தி மண்டை விஷயத்தில் எங்கே போயிற்று?

இதை இவ்வளவு வேகமாக நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. என்னுடைய தொடர்கதை ஒன்றில், கதாநாயகி ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டு கணவனின் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்காக மூன்று கடிதங்கள் வந்தன. “பட்டுப் புடவையும் மல்லிகைச் சரமுமாக ஒரு பெண்ணை வர்ணித்துவிட்டு அவள் தலையில் சட்டியைக் கவிழ்த்துவிட்டீர்களே, இது என்ன ரசனை?” என்று ஒருவர் கேட்டிருந்தார். “நாலு தெரு தள்ளியிருக்கிற கோயிலுக்குப் போக இத்தனை ஆர்ப்பாட்டமா?” என்பது இரண்டாவது கடிதம். மூன்றாவது ஓர் அம்மையார் எழுதியது: “என் வீட்டுக்காரர் ரொம்ப நிதானமாக ஓட்டுவார். அவர் பின்னால் உட்கார்ந்தால் எனக்குப் பயமே இல்லை. உங்கள் கதாநாயகிக்குத் தன் கணவன் மேல் நம்பிக்கை கிடையாதா?”

மூவரும் நல்லவர்கள். நம் சமூகம் இந்த விஷயத்தில் சொல்லிக்கொள்கிற சமாதானங்கள் எல்லாம் இந்த மூன்று கடிதங்களில் அடங்கிவிட்டன. ஆகவே மூவருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, ஓட்டுகிறவர் பின்னால் உட்காருகிறவர் என்று பேதம் பார்க்கவில்லை. இருவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்றே சொல்கிறது. 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் இருவரும் கட்டாயம் அணிய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது, நாலு வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் என்று தெளிவாகவே எழுதினார்கள். அதற்கும் சின்னக் குழந்தைகளுக்கு ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு சேர்த்துப் பிணைக்கிற பட்டையும் வேண்டுமென்ற விதி 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஆகவே சட்டம் இல்லை என்று யாரும் சொல்வதற்கில்லை.

ஆனால் சட்டத்தை நடத்துகிறவர்களும் நம்மில் இருந்து போனவர்கள்தானே! தலைநகரமான டில்லியில் 2014 வரைக்கும் பெண்கள் ஹெல்மெட் அணியாமல் போகலாம் என்று சலுகை கொடுத்து வைத்திருந்தார்கள். சலுகை! தலை உடைபடுவதற்கு ஒரு சலுகை! இன்னொன்று கேளுங்கள். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி என்று ஒன்று உண்டு. பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும், கால் வைக்கப் படி வேண்டும், அவருடைய உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கிற தடுப்பு வேண்டும் என்று அது சொல்கிறது. மெக்கானிக்குகள் ‘ஸாரி கார்டு’ என்கிறார்களே, அதுதான். நல்ல விதி. முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு எத்தனை பெண்கள் விழுந்திருக்கிறார்கள்! அந்த விதியை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் பாருங்கள்: புதிய வண்டியோடு ஹெல்மெட்டும் கொடுக்க வேண்டுமென்று அதே விதிகளில் 138-ஆவது விதி சொல்லுகிறபோது, ‘ஒரு ஹெல்மெட்’ என்றுதான் சொல்லுகிறது. இரண்டு கொடுக்க வேண்டும் என்கிற வரைவு விதி வெளிவருவதற்கு 2025 ஆகவேண்டியிருந்தது. பின்னால் உட்காருகிறவளின் புடவை 1989-லேயே ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அவளுடைய தலை ஞாபகத்துக்கு வர முப்பத்தாறு வருஷம் பிடித்திருக்கிறது.

இந்த மறதிக்கு என்ன விலை கொடுக்கிறோம்? மத்திய அரசின் கணக்கையே சொல்கிறேன். 2022-ஆம் வருஷத்தில் இந்தியாவின் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டிகளில் போனவர்கள். ஹெல்மெட் அணியாமல் போய் இறந்தவர்கள் 50,029 பேர். அந்த ஐம்பதாயிரத்தில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். வண்டியின் கைப்பிடி அவர்கள் கையில் இல்லை. பிரேக் அவர்கள் காலில் இல்லை. அதே வருஷத்தில் நாட்டிலேயே அதிகமான சாலை விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105. இதில் மட்டும் முதலிடம் நமக்கு வேண்டியிருக்கிறதா?

இனிக் கடிதங்களுக்கு வருகிறேன்.

நாலு தெரு தள்ளியிருக்கிற கோயில் என்கிறார் ஒரு நண்பர். தூரம் கொஞ்சம், வேகம் கொஞ்சம், ஆகவே ஆபத்தும் கொஞ்சம் என்பது அவர் கணக்கு. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பவளின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி ஓடவே இல்லை, நின்றுகொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்திலிருந்து தடையில்லாமல் விழுகிற எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் தொடும். அந்த வேகத்தில் ஓடிவந்து ஒரு கருங்கல் தூணில் தலையை மோதிக்கொள்ள அந்த நண்பர் சம்மதிப்பாரா? நம் தெருவில் தார் ரோடும் நடைபாதைக் கல்லும் கோயில் தெருவுக்கு ஒரு தினுசு, நெடுஞ்சாலைக்கு ஒரு தினுசு என்று போட்டு வைத்திருக்கவில்லை. மண்டைக்கு எல்லாம் ஒரே கல்தான்.

ஹெல்மெட் என்ன செய்கிறது? அதன் மேலோடு அடியை ஓர் இடத்தில் குவியவிடாமல் பரப்புகிறது. உள்ளே இருக்கிற கெட்டி நுரை தான் நசுங்கிக்கொண்டு, தலை நிற்பதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கிறது. அந்த அவகாசம் ஒரு விநாடியில் மிகச் சிறிய பகுதிதான். ஆனால் மண்டை ஓட்டுக்குள் இருக்கிற மெத்தென்ற மூளைக்கு அதுதான் வாழ்வும் சாவும். பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2008-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வு, மோட்டார் சைக்கிள் விபத்தில் ஹெல்மெட் மரணத்தை நூற்றுக்கு 42 பங்கும் தலைக்காயத்தை நூற்றுக்கு 69 பங்கும் குறைக்கிறது என்று கணக்கிட்டது. நூறு ரூபாய்க்கு நாற்பது ரூபாய் தள்ளுபடி என்றால் ஜவுளிக்கடை வாசலில் எத்தனை கூட்டம் கூடுகிறது! சாவில் நாற்பத்திரண்டு தள்ளுபடி என்றால் நமக்கு அக்கறை இல்லை.

அடுத்தது அந்த அம்மையாரின் நம்பிக்கை. கணவர் நிதானமாகவே ஓட்டட்டும். ஆனால் எதிரே வருகிற தண்ணீர் லாரியை ஓட்டுகிறவர் அவர் கணவர் அல்லவே! குறுக்கே ஓடுகிற தெரு நாய்க்கும், வர்ணம் பூசாத வேகத்தடைக்கும், தோண்டிவிட்டு மூடாத பள்ளத்துக்கும் அவருடைய நிதானத்தைப் பற்றி என்ன தெரியும்?

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. விழப்போகிறோம் என்பது ஓட்டுகிறவருக்கு முன்கூட்டியே தெரியும். பள்ளத்தை அவர் பார்க்கிறார். கைப்பிடியை இறுகப் பற்றுகிறார். முழங்கால்களால் வண்டியைக் கவ்விக்கொள்கிறார். பின்னால் இருப்பவளுக்கு எதிரே தெரிவது அவர் முதுகு. பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பதால் அவளுக்கு வண்டியை முழங்காலால் பிடிக்க வழியில்லை. ஒரு கை குழந்தைக்கு, இன்னொரு கை பைக்கு. திடீரென்று பிரேக் போட்டால் அல்லது வண்டி ஒரு குதி குதித்தால், கணவர் வண்டியோடு இருப்பார். அவள் சாலையில் இருப்பாள். விபத்தைக் கண்ணால் பார்க்க முடிகிறவருக்குக் கவசம். பார்க்க முடியாதவளுக்கு நம்பிக்கை! அம்மணி, கணவர் மேல் நம்பிக்கை வையுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? அந்த நம்பிக்கையோடு கூட ஒரு ஹெல்மெட்டும் வையுங்கள். அவர் உங்களை அவ்வளவு நம்பவைத்திருக்கிறாரே, அப்படி நிதானமாக ஓட்டுகிறவர் தமக்கு மட்டும் ஏன் அதை வாங்கினார் என்று ஒரு நாள் சாவகாசமாக அவரையே கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, ரசனை. இந்தக் கடிதத்துக்கு எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம் வந்தது. ஏனென்றால் இந்த ரசனையை வளர்த்தவர்களில் என் தொழிலைச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். சினிமாவில் கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் பறக்கிறான். பின்னால் கதாநாயகியின் கூந்தல் காற்றில் அலைகிறது. பத்திரிகை அட்டையில் ஸ்கூட்டர் ஓட, முந்தானை கொடி மாதிரி பறக்கிறது. கதை எழுதுகிறவர்களும் அந்தக் கூந்தலையும் அந்தக் காற்றையும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறார்கள். விழுகிற காட்சியை யாரும் எழுதுவதில்லை. விழுந்த பிறகு இருக்கிற வாழ்க்கையை எழுதுகிறவர் அதைவிடக் குறைவு.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி இருக்கிறார். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்புகையில் ஒரு வேகத்தடையில் வண்டி எகிற, பின்னந்தலை தரையில் மோத விழுந்தவர். ஹெல்மெட் இல்லை. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். உயிர் பிழைத்தார். தையல் ஆறிற்று. “நல்லபடியாகிவிட்டாள், கடவுள் புண்ணியம்” என்று எல்லாரும் சொன்னார்கள். எட்டு மாதம் கழித்து நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அடுப்பில் பால் பொங்கிக் கருகிக் கொண்டிருந்தது. கூடத்தில் இருந்த எங்கள் எல்லாருக்கும் அந்த வாடை அடித்தது. அடுப்பின் பக்கத்திலேயே முதுகைக் காட்டி நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்த அவருக்கு மட்டும் தெரியவில்லை. மூக்குக்கு மேலே சல்லடை மாதிரி ஓர் எலும்பு இருக்கிறது. வாசனையைக் கொண்டுபோகிற நரம்பிழைகள் அதன் துளைகள் வழியாக மூளைக்குப் போகின்றன. தலையில் பலமாக அடிபடும்போது அந்த இழைகள் அறுந்துபோவது உண்டு. சிலருக்குத் திரும்பி வரும், பலருக்கு வருவதில்லை. அவருக்கு வரவில்லை. “காஸ் கசிஞ்சாக்கூட எனக்குத் தெரியாதுங்க. ராத்திரி எழுந்து எழுந்து அடுப்பைத் தொட்டுப் பாத்துட்டு வந்து படுக்கிறேன்” என்றார். ஹெல்மெட்டினால் மல்லிகை கசங்கிவிடும் என்று எழுதுகிற நண்பர்களுக்கு இந்தப் பெண்மணியைப் பற்றித் தெரியட்டும். அவர் இப்போதும் பூ வைத்துக்கொள்கிறார். அது மற்றவர்கள் முகர்வதற்கு.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். இதைப் படிக்கிற யாராவது ஒருவர் வீட்டில் என்றைக்காவது உபயோகப்படும். வண்டியிலிருந்து விழுந்த நம் வீட்டுப் பெண் முதலில் என்ன செய்கிறாள்? எழுந்து புடவையை உதறுகிறாள். நாலு பேர் பார்க்கிறார்களே என்று வெட்கப்படுகிறாள். “ஒண்ணுமில்லீங்க, வீட்டுக்குப் போகலாம்” என்கிறாள். அந்த ‘ஒண்ணுமில்லை’யை நம்பாதீர்கள். மண்டை ஓட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே இரத்தக் குழாய் கிழிந்து இரத்தம் சேர்கிற ஒரு வகைக் காயத்தில், விழுந்தவருக்குச் சிறிது நேரம் புத்தி தெளிவாகவே இருப்பது உண்டு. பேசுவார், நடப்பார், காபி கூடப் போடுவார். உள்ளே இரத்தம் சேர்ந்துகொண்டிருக்கும். சில மணி நேரத்தில் தலைவலி ஏறும், வாந்தி வரும், தூக்கம் தூக்கமாக வரும். “களைப்பு, தூங்கட்டும்” என்று விட்டுவிட்டால் அந்தத் தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமல் போகலாம். சரியான வேளையில் ஸ்கான் எடுத்து, தேவையானால் அந்த இரத்தத்தை வெளியேற்றினால், முழுமையாகப் பிழைத்துக்கொள்ளக் கூடிய காயம் அது. தலையில் அடிபட்டு ஒரு கணம் நினைவு தப்பியவரையும், வாந்தி எடுப்பவரையும், பேச்சு குழறுபவரையும், கண்மணி இரண்டில் ஒன்று பெரிதாகத் தெரிபவரையும் வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது. 108-க்குச் சொல்லி, ஸ்கான் வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். தன் வலியைச் சொல்லாமல் அடக்கிக்கொள்வது பெண்ணின் லட்சணம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோமே, அந்த லட்சணமே அவளுக்கு எமனாக வந்து நிற்கிற இடம் இது.

பிழைத்து எழுந்த பிறகு என்ன ஆகிறது? தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டத்தை ஆரம்பித்தது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரச் சிகிச்சையை அரசின் செலவில் கொடுக்கிற திட்டம். அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் நாற்பத்தொன்பதாவது மணியிலிருந்து சிகிச்சை செய்ய வேண்டியது குடும்பம்.

இந்தக் குடும்பச் சிகிச்சையை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கணவருக்கு அடிபட்டால் மனைவி ஆஸ்பத்திரியிலேயே குடியேறிவிடுகிறாள். படுக்கைக்குப் பக்கத்தில் பாய் விரிக்கிறாள். கையைப் பிடித்து நடக்கப் பழக்குகிறாள். அடிபட்ட மூளையின் எரிச்சலில் அவர் கத்துவதையெல்லாம் கேட்டுக்கொள்கிறாள். அந்த வீட்டில் மனைவிக்கு அடிபட்டால் என்ன நடக்கிறது தெரியுமா? ஊருக்குப் போன் போகிறது. “அத்தை, கொஞ்ச நாள் வந்து இருக்கீங்களா?” அறுபது வயசுக் கிழவி ரயிலேறி வருகிறாள். மூன்று மாதம் ஆனதும், “இன்னும் எத்தனை நாள் இப்படி?” என்று வீடு முணுமுணுக்க ஆரம்பிக்கிறது. தலைக்காயம் பட்டவர்களுக்கு ஞாபகம் தப்பும்; சத்தம் பொறுக்காது; இரண்டு வேலையைச் சேர்ந்தாற்போல் செய்ய முடியாது; காரணமில்லாமல் அழுகை வரும். இது மாதக் கணக்கிலும், சிலருக்கு வருஷக் கணக்கிலும் நீடிக்கும். கால் ஒடிந்தால் மாவுக்கட்டு தெரியும், ஊர் இரங்கும். மூளையின் காயத்துக்கு மாவுக்கட்டு கிடையாது. ஆகவே அவளுக்குச் சோம்பேறி என்றும் திமிர் பிடித்தவள் என்றும் பெயர் கிடைக்கிறது. உப்பு இரண்டு தரம் போட்டதற்காகத் திட்டு வாங்குகிற பெண்ணுக்கு உண்மையில் வேண்டியது ஒரு நல்ல டாக்டர், ஓய்வு, கொஞ்சம் பொறுமை.

“எல்லாம் விதி சார்” என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. 1935 மே மாதத்தில் இங்கிலாந்தில், ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று உலகம் அறிந்த டி. இ. லாரன்ஸ், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமலிருக்கத் தம் மோட்டார் சைக்கிளைத் திருப்பி, தூக்கி எறியப்பட்டார். தலையில் அடிபட்டு ஆறாவது நாள் இறந்தார். அவரைக் கவனித்த டாக்டர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். விதி என்று கையை உதறிவிட்டு அவர் போயிருக்கலாம். அவர் கணக்கெடுக்க உட்கார்ந்தார். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை எழுதினார். அந்த வருஷ நவம்பரிலேயே பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் சிப்பாய்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிற்று. 1973-ல் அந்த நாட்டு ஜனங்கள் எல்லாருக்கும் அது சட்டமாயிற்று. விதியின் மேல் அவ்வளவு பாரத்தைப் போடுகிற நம் கணவர், அந்த விதியை நம்பித் தம் ஹெல்மெட்டைக் கழற்றி மனைவிக்குக் கொடுப்பாரா? கொடுக்கமாட்டார். தமக்கு போலீஸ்காரர், மனைவிக்கு விதி. இதுதான் நம் வீட்டு வேதாந்தம்!

ஆகவே வாசகர்களே, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டாக வாங்குங்கள். தொழிலாளிகள் போடுகிற தொப்பி மாதிரி பாதித் தலையை மூடுவதை வாங்காதீர்கள். அவள் தலையின் அளவுக்கு, அவளையே போட்டுப் பார்க்கச் சொல்லி வாங்குங்கள். உங்களுடைய பழையதை அவளுக்குத் தள்ளாதீர்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் நுரை இரண்டாம் முறை உதவாது. வாரை மாட்டாத ஹெல்மெட் முதல் குதிப்பிலேயே கழன்று அவளுக்கு முன்னால் ஓடும். கொண்டையைச் சற்றுத் தாழ்த்திப் போட்டுக்கொள்ளலாம். பூவைக் கோயில் வாசலில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். காலை இருபுறமும் போட்டு உட்காருவதைப் பார்த்து முகம் சுளிக்கிற மாமியார்கள், மருமகளின் முழங்கால் பெரிதா, மண்டை பெரிதா என்று யோசிக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கிற பெண்ணைப் பெற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வழக்கம் தொலைய வேண்டும் என்பது என் கட்சி. தொலைகிறவரைக்கும், வண்டியோடு ஹெல்மெட் இரண்டாக வைக்கச் சொல்லுகிறேன். ஒன்றில் தங்கள் மகளின் பெயரை எழுதி வைக்கட்டும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வருமானவரி கட்டுகிறீர்கள், ஆபீஸ் நடத்துகிறீர்கள், ஸ்கூட்டரும் ஓட்டுகிறீர்கள். தனியே ஓட்டிக்கொண்டு போகும்போது ஹெல்மெட் போட்டுக்கொள்கிற அதே பெண், கணவர் ஓட்டினால் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பின்னால் ஏறுவதை என் கண்ணால் காண்கிறேன். இனிமேல் அப்படி ஏறாதீர்கள். “எனக்கும் ஹெல்மெட் இருந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் பஸ்ஸில் வருகிறேன்” என்று வாசலில் நின்று சொல்லுங்கள். குழந்தையையும் இடுப்பை விட்டு இறக்காதீர்கள். கோபித்துக்கொண்டு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போகிற கணவர், தெருக்கோடி வரைக்கும் போய்விட்டுத் திரும்பித்தான் வருவார்.

என் கதாநாயகி ஹெல்மெட்டைக் கழற்றப் போவதில்லை. அவளை அழகாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை என்றால் அது என் எழுத்தின் குறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் கதை முடியும் வரைக்கும் உயிரோடும் புத்தித் தெளிவோடும் இருக்க வேண்டும். அவளுக்கு இன்னும் எத்தனையோ வேலை இருக்கிறது.